ஏற்றாமல் விட்ட காந்தங்கள்

இல்லை, உன் கிடார் வேலை நிற்பது ஒயர் கிடைக்காததால் அல்ல. ஒயர் போன வாரமே வந்துவிட்டது. உன் அப்பா பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி வாங்கி வந்த சுருள், தலைமுடியைவிட மெல்லியது, மேசைமேல் செய்தித்தாளுக்கு அடியில் இருக்கிறது. வைண்டிங் மெஷினும் சும்மாதான் நிற்கிறது. மழைக்காலம், ஆண்டர்சன்பேட்டையில் யாரும் ஃபேனைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்கு வருவதில்லை. ஆறு காந்தங்களும் தட்டில் இருக்கின்றன. "இன்னாமா, இன்னுமா கட்டல?" என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் "ஒயர் வரலடா" என்று சொல்லிவிடுகிறேன். வேறு சொல்ல வாய் வரவில்லை. காந்தங்களை எந்த உயரத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்யாமல் கிடார்க் கம்பிகளின் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பைச் சுற்ற ஆரம்பிக்க முடியாது. முதலில் காந்தம், அதன்மேல் சுற்று. சுற்றிய பிறகு காந்தத்தை அசைத்தால் உள்ளே ஒயர் அறுந்துவிடும். முடிவு ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நீ கேட்டது எளிமையான வேலை. கிடாரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாய். "ஒண்ணாம் கம்பியும் ரெண்டாம் கம்பியும் செத்துப் போச்சும்மா. எவ்ளோ அடிச்சாலும் வெளிய வர மாட்டேங்குது. அந்த ரெண்டுக்கும் காந்தத்த நல்லா மேல ஏத்திக் கட்டு." கப்பலில் வாசிக்கப் போவதற்குள் வேண்டும் என்றாய். சரி என்றேன். நீ பெங்களூர் ரயில் பிடிக்க ஓடினாய். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ போய்ச் சேர்ந்திருப்பாய் என்ற நேரத்தில்தான் தோன்றியது. இதையேதான் போன வருடமும் கேட்டாய்.

போன வருடம் நான் ஏற்றிக் கட்டினேன். சந்தோஷமாகத்தான் கட்டினேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். மிக்சி, பம்ப் மோட்டார், ஃபேன் என்று வருஷக்கணக்கில் சுற்றிய கைக்கு, சுழலவே சுழலாத ஒரு 'காயில்', ஒரு ஒயர்ச்சுருள், கிடைத்தது விந்தையாக இருந்தது. காந்தம் சும்மா நிற்கிறது. காயில் சும்மா இருக்கிறது. மேலே ஒரு இரும்புக் கம்பி நடுங்குகிறது. அவ்வளவுதான், ஒயரில் கரன்ட் பிறந்துவிடுகிறது. கல்லூரியில் இயற்பியல் பாடத்தில் பரீட்சைக்காகப் படித்து, பரீட்சையோடு விட்ட ஒன்று. அதை நீ வாசித்துக் காட்டியபோது முதல்முறையாகக் காதால் கேட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஆறு கம்பிக்கும் ஒரே உயரத்தில் காந்தம் வைத்தால் ஆறும் ஒரே சத்தம் தராது என்று. தடித்த கம்பிகளின் மேலே சுற்றியிருக்கும் உறையைக் காந்தம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. உள்ளே இருக்கும் இரும்பைத்தான் பார்க்கிறது. உறையில்லாத மூன்றாம் கம்பி அதனால்தான் எல்லாரையும் அமுக்கிக்கொண்டு கத்தும். அதன் அடியில் காந்தத்தை இறக்க வேண்டும். இரண்டாம் கம்பி கூச்சக்காரி. அவளுக்குக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஆறு பிள்ளைகளுக்குப் பந்தியில் பரிமாறுவதுபோல. "இது ஒயரா, கொசுவோட மீசையா?" என்று உன் அப்பா கிண்டல் செய்துகொண்டே போனார். எத்தனை தடவை அறுந்தது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

ஆக, போன வருடம் ஏற்றினேன். சில மாதம் நீ ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பிக்கப்பையே ஒரு பக்கமாக, மெல்லிய கம்பிகளின் பக்கமாக, ஸ்க்ரூவைத் திருகித் திருகி உயர்த்தியிருக்கிறாய். இப்போது நீ விட்டுப்போன கிடாரைப் பார்த்தால் ஸ்க்ரூ அதன் முடிவுக்கே வந்து நிற்கிறது. காந்தம் கம்பியைத் தொடாத குறை. அவ்வளவு கிட்டே போனால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். கம்பி தன் இஷ்டத்துக்கு ஆட முடியாது. ஸ்ருதி பிசிறும். அது உனக்குத் தெரியாததல்ல. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். தெரிந்தும் உயர்த்தியிருக்கிறாய் என்றால் உனக்கு அவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது.

அதனால் அளந்து பார்த்தேன். உன்னைச் சந்தேகப்பட்டு அல்ல. என் வேலையைச் சந்தேகப்பட்டு. சுற்று கம்மியாகிவிட்டதோ, காந்தம் சோர்ந்துவிட்டதோ என்று. முதலில் புதுக் கம்பிகள் மாட்டினேன். வால்யூம் திருகை மாற்றினேன். பிறகு ஆறு கம்பியையும் ஒரே பலத்தில் மீட்ட வேண்டும். என் விரலை நம்ப முடியாது. விரலுக்கு ஆசை உண்டு. சுற்றுகிற ஒயரிலேயே ஒரு துண்டை எடுத்து, கம்பிக்கு அடியில் கொக்கிபோல மாட்டி, அது அறுந்துபோகும்வரை மெதுவாக இழுத்தேன். ஒரே சுருளில் வந்த ஒயர் ஏறக்குறைய ஒரே இழுவையில்தான் அறும். அறுந்த நொடியில் கம்பி விடுபட்டு ஒலிக்கும். ஆறு கம்பிக்கும் அப்படிச் செய்து உன் பழைய லேப்டாப்பில் பதிவு செய்தேன். திரையில் அலைகள் வந்தன. முதல் இரண்டு கம்பிகளும் சாகவில்லை. மற்ற நான்கையும்விட உயரமாக நின்றன. கொஞ்சம் அல்ல, நன்றாகவே. மறுபடி செய்தேன். கிடாரைத் திருப்பி வைத்துச் செய்தேன். உன் அப்பாவை இழுக்கச் சொல்லிச் செய்தேன். அவர், "பையன் கேக்கறான், கட்டிக் குடுத்துட்டுப் போயேன். ஃபேன் ஸ்லோவா ஓடுதுன்னு கஸ்டமர் வந்தா, ஸ்பீடு போதும் போங்கன்னு அனுப்பிடுவியா?" என்றார். நான் திரையைக் காட்டினேன். அவர் லேப்டாப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் டேவிட் கடைக்கு வந்தான். உன் டிரம்மர், உன் அறைத்தோழன், பக்கத்து நந்திதுர்க் லைனில் அவன் அம்மாவைப் பார்க்க வந்தவன். மிக்சி ஜாரைக் கொடுத்துவிட்டு நின்றான். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவனாக ஆரம்பித்தான்.

"ஆன்ட்டி, அந்தப் பிக்கப்ப கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுங்க. அவன் ஒண்ணாம் கம்பியத் தொட்டா எனக்குப் பல்லு கூசுது."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொல்லாம? டிரம்மருக்கு இன்னாடா காது தெரியும், நீ தகர டப்பா தட்டுறவன்னு திருப்பிட்டான். கிடார இங்க குடுக்கறதுக்கு முந்தின சனிக்கெழம, பப்புல முன்னாடி டேபிள்ள ஒரு அக்கா ரெண்டு காதையும் பொத்திக்கினு உக்காந்துச்சு. இவன் அதப் பாத்து, நம்ம மியூசிக்குக்கு ஃபேனு போல, டான்ஸ் ஆடுதுன்னு கைய ஆட்டுறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவன் போன பிறகு, மேடையில் அவன் உனக்கு எந்தப் பக்கம் உட்காருவான் என்று யோசித்தேன். உன் வீடியோக்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடது பக்கம். அவனுடைய பெரிய பித்தளைத் தட்டு உன் இடது தோளுக்கு ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில். சின்னச் சின்ன மேடைகள். நீங்கள் நகர இடமில்லை. அது உங்கள் தப்பில்லை. ஆனால் எத்தனை வருஷமாக.

அப்போதுதான் மல்டிமீட்டர் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று எழுதுகிறேன், உண்மையில் அது அங்கேயேதான் இருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். நீ கிடாரை வைத்துவிட்டுப் போன அன்று கிடாரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கிற லீடையும் சோதித்தாய். மீட்டரின் இரண்டு முனையையும் லீடின் இரண்டு பக்கமும் வைத்தாய். ஒயர் அறுந்திருந்தால் மீட்டர் பேசாது; சரியாக இருந்தால் 'பீ' என்று கீச்சுக் குரலில் கத்தும். கத்தியது. நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டேன். நீ தலையை ஆட்டினாய். "போச்சும்மா இது, உள்ள அறுந்துடுச்சு. சத்தமே வரல" என்று சொல்லி லீடைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாய். மீட்டர் கத்திக்கொண்டிருக்கும்போதே சொன்னாய். வெளியே லாரி போனது உண்மைதான். எனக்கும் அதே லாரிதான் போனது, ஆனால் எனக்கு 'பீ' கேட்டது. நீ ஏதோ அவசரத்தில் இருக்கிறாய் என்று நினைத்தேன். நீ போன பிறகு லீடை எடுத்துச் சோதித்தேன். நல்ல லீட். அதைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். வேறொன்றும் நினைக்கவில்லை. அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்வார்கள். நான் லீடை மாட்டிவிட்டு அரிசி களையப் போனேன்.

எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும். நான் வளர்ந்த மைசூர் மைன்ஸ் லைனில், தங்கச்சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்கும் காது மந்தம் என்று யாரும் சொன்னதில்லை. என் அப்பா டிரில் மெஷின் பிடித்தவர். அடுத்த வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், எல்லாரும். பாறைக்குள் அடைபட்ட இடத்தில், ஷிப்ட் முழுக்க அந்த மெஷினைத் தோளில் அழுத்திக்கொண்டு நின்றவர்கள். மேலே வந்தால் பாதி கேட்காது. அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, ஏனென்றால் எங்கள் லைனில் எல்லாரும் எப்போதும் கத்தித்தான் பேசினோம். பெண்கள் கத்தினார்கள், பிள்ளைகள் கத்தினோம், உப்பு கேட்பதையும் கத்தித்தான் கேட்டோம். ரேடியோ முழுச் சத்தத்தில். கேட்காதவர் எங்கள் நடுவில் சௌகரியமாக இருந்தார். அவருக்குக் கேட்கவில்லை என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. நான் கோலாரில் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் நாளே ஒரு பெண் கேட்டாள்: "ஏன் சண்டைக்கு வர்ற?" நான் அவளிடம் வகுப்பு எங்கே என்றுதான் கேட்டிருந்தேன்.

நம் வீட்டிலும் அதே. கடையில் மோட்டார் ஓட, டீவி ஓட, நீ மாடியில் ஆம்ப்ளிஃபயரைத் திறந்துவைக்க, சாப்பாட்டுக்குக் கூப்பிட நான் படியடியில் நின்று கத்த. இங்கே ஒருவனுக்குக் காது குறைந்தால் எப்படித் தெரியும்? தெரியவே தெரியாது. நீ "இன்னா?" என்று திருப்பிக் கேட்டால் நான் இன்னும் உரக்கச் சொல்கிறேன். பாசம் என்று நினைத்துச் சொல்கிறேன். உன் மாமா பெண் கல்யாணத்தில் உன் பெரியப்பா ஏதோ ஜோக் அடித்தார், பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய். எல்லாரும் சிரித்த பிறகு, எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு. என் அப்பா அப்படித்தான் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். உன்னிடம் அதைப் பார்த்து, தாத்தா ஜாடை என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

இப்போது கப்பல். அடுத்த மாதம் மெடிக்கல் என்றாய். அதில் கண், ரத்தம், காது எல்லாம் பார்ப்பார்கள் என்று நீயேதான் சொன்னாய், எதுவும் பயமில்லை என்கிற குரலில். பப்பில் ஒரு ராத்திரி வேலை இருந்தால் அடுத்த வாரம் இல்லை என்று அலைந்தவனுக்கு முதல்முறையாகத் தொடர்ந்து ஆறு மாதம் வேலை. அந்தச் செய்தியைச் சொல்லும்போது நீ அப்பாவைத் தூக்கிச் சுற்றினாய். அதை நான் கெடுக்க வேண்டுமா? இரண்டு விதமாகவும் யோசித்துவிட்டேன். நீ கேட்டபடி காந்தத்தை ஏற்றிக் கட்டிக் கொடுத்தால் நீ சந்தோஷமாகப் போவாய். ஒருவேளை மெடிக்கலில் தப்பியும் விடுவாய். தாழ்ந்த கூரை போட்ட ஏதோ ஒரு ஹாலில், தினமும், புது டிரம்மர் ஒருவன் உன் இடது பக்கத்தில். போன காது திரும்பி வராது என்று படித்தேன். இருப்பதைக் காப்பாற்றலாம், போனதை வாங்க முடியாது. ஆறு மாதம் கழித்து நீ வந்து, "மூணாம் கம்பியும் செத்துப் போச்சும்மா" என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? அதையும் ஏற்றுவேனா? சொல்லாமல் விட்டு, மெடிக்கலில் யாரோ முகம் தெரியாதவர் ஒரு தாளை நீட்டி உனக்குச் சொன்னால்? அன்றைக்கு உன் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

சொன்னால், நீ என்மேல் கோபப்படுவாய். "நீ இன்னா டாக்டரா?" என்பாய். இல்லை. எனக்குக் காயில் தெரியும், காது தெரியாது. வெறும் அழுக்கு அடைத்திருக்கலாம். சளியாக இருக்கலாம். அப்படி இருந்தால் நீ ஆயுசுக்கும் என்னைக் கேலி செய்; நான் உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் தயவுசெய்து கிடாரில் தேடாதே. கிடாரைத் திருகித் திருகி நீ தேடுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தக் கருவியிலும் இல்லாத குறையை எந்தக் கருவியிலும் சரிசெய்ய முடியாது. நீ உயர்த்த உயர்த்த, எதிரில் இருப்பவர்கள் காதைப் பொத்துகிறார்கள். உனக்கு மட்டும் இன்னும் போதவில்லை. உன் விரல்களில் கோளாறு இல்லை. அதை நான் பதிவு செய்து கேட்டிருக்கிறேன். மெல்லிய கம்பிகளில் நீ வாசிக்கிற அந்தச் சின்ன நடுக்கம் அப்படியே இருக்கிறது. அது உனக்கு முழுதாகக் கேட்கிறதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

வாசிப்பதை விடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல மாட்டேன். மேடையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்கிறார்கள், உன்னைவிடப் பெரிய ஆட்களே. நீ அதைக் கூச்சம் என்று நினைப்பாய். என் அப்பாவும் அவர் செட்டில் இருந்தவர்களும் காதில் பஞ்சு வைத்தவனை "பொட்டப்புள்ள" என்று கிண்டல் செய்வார்களாம். அவரே சொல்லியிருக்கிறார், உரக்க, சிரித்துக்கொண்டு. டிரம்மரை முடிந்தவரை தள்ளி உட்காரவை. தட்டு உன் காது மட்டத்தில் இல்லாமல் பார்த்துக்கொள். உன் ஆம்ப்ளிஃபயர் தரையில் உன் முழங்காலுக்குக் கத்துகிறது. ஸ்டூலில் ஏற்றி உன் முகத்தைப் பார்க்க வை, பாதிச் சத்தம் போதும். இதெல்லாம் சின்ன விஷயங்கள். இவை உதவும். ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பல்காரன் சொல்வதற்கு முன்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன வந்தாலும் அவர்களிடம் என்ன சொல்வது, போவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். அதில் நான் கை வைக்க மாட்டேன். உனக்கு இருபத்தாறு வயது.

காந்தத்தின் உயரம் மட்டும் என் முடிவு. என் மேசையில் நடப்பது அது. நீ கோபத்தில் வேறு கடையில் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். பெங்களூரில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். நான் கட்டுவது ஆறு கம்பியும் ஆறு கம்பியாகக் கேட்கிற ஒன்று. முதல் இரண்டும் உனக்கு அடங்கித் தெரியும். இப்போதைவிட இன்னும் அடங்கித் தெரியும். அது எனக்குத் தெரிந்தே கட்டுகிறேன். முதல் தடவை வாசித்துப் பார்த்துவிட்டு உன் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும்.

இதைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், பக்கத்தில் யாரோ இருந்தார்கள், நான் கத்த வேண்டியிருந்தது. கத்திச் சொல்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதினேன்.

இதுவரை எழுதி முடித்ததும் உன் அப்பாவிடம் கொடுத்தேன்; இந்தக் கடைசிப் பக்கத்தை ரயிலில் எழுதுகிறேன். நின்றபடியே படித்தார். "இதத் தபால்ல போடாத. போ, நீயே போய்க் குடு" என்றார். பிறகு வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பைக்கைத் துடைத்தார்.

நான் காந்தங்களை அட்டையில் நிறுத்தினேன். அளந்த உயரத்தில், ஏற்றாமல். சுற்றினேன். இந்தத் தடவை ஒயர் அறுந்துபோகவில்லை. பிறகு உன் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் காது பரிசோதனை நிலையத்தின் எண்ணைத் தேடி, சனிக்கிழமை காலைக்கு நேரம் கேட்டேன். போனை எடுத்த பெண் கன்னடத்தில், யாருக்கு மேடம், உங்கள் அப்பாவுக்கா என்றாள். மகனுக்கு என்றேன். வயது கேட்டாள். சொன்னேன். கூட நீங்கள் வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் கிடாரோடு ஏறினேன்.